எந்த உலாவி எதற்கு? தோட்டப் பட்டணத்து வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“எது நல்ல உலாவி (பிரவுசர்)?” என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எந்த வேலைக்கு, எந்தக் கருவியில் என்று சேர்த்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் கைப்பேசியும் கணினியும் பழுது பார்க்கும் என் கடைக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலும் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்கள். வீட்டுக்கு ஒரு பழைய மடிக்கணினி, ஆளுக்கொரு கைப்பேசி. கல்வி அமைச்சின் டெலிமா இணையத் தளத்தில் பிள்ளையின் பாடம், அப்பாவின் ஊழியர் சேமநிதிக் கணக்கு, அம்மாவின் உதவித்தொகை விண்ணப்பம், தாத்தாவின் தமிழ் நாளிதழ், செம்பனைக் குலையின் விலை, எல்லாமே அந்தக் கருவிகளில்தான் நடக்கின்றன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே உலாவியில் செய்யாதீர்கள், இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பணமும் அரசாங்க வேலையும் ஒன்றில்; செய்தி, பாட்டு, காணொளி என்று மேய்ச்சல் எல்லாம் இன்னொன்றில். எந்த இரண்டு என்பதுதான் மீதிக் கதை.

படி 1: முதலில் கருவியின் வயதைப் பாருங்கள்

கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, அடியில் இருக்கும் ‘கைப்பேசியைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ஆண்ட்ராய்டின் பதிப்பு எண் இருக்கும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவலை இல்லை. 8 அல்லது 9 என்றால், குரோமின் 138ஆம் பதிப்போடு உங்கள் கைப்பேசிக்குப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த 139ஆம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு 10 கட்டாயம். பழைய குரோம் அப்போதும் திறக்கும், பக்கங்களைக் காட்டும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைபடுவதில்லை. அத்தகைய கைப்பேசியில் ஃபயர்ஃபாக்ஸைப் போட்டுச் செய்தி படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்க வேண்டாம். உலாவி புதிதாக இருந்தாலும் அடியில் இருக்கும் ஆண்ட்ராய்டு பழையதுதானே.

கணினியில் விண்டோஸ் 7 அல்லது 8 இருந்தால், குரோம் 109ஆம் பதிப்போடு 2023 தொடக்கத்திலேயே கைகழுவிவிட்டது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. ஆனாலும் அதன்மேல் ஓடும் எட்ஜ் உலாவிக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பிப்பு தருவதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஆகவே விண்டோஸ் 10 மடிக்கணினியை இன்றே தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 7 கணினியை வைத்துக்கொண்டு “எந்த உலாவி வேகமாக ஓடும்?” என்று கேட்டு வருகிறவர்களிடம், அதில் உலாவியை மாற்றிப் பயனில்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றித் தரட்டுமா என்றுதான் நான் கேட்பேன்.

படி 2: பெயர் பல, இயந்திரம் மூன்று

ஒரு பக்கத்தை வாங்கித் திரையில் வரைந்து காட்டுவது உலாவிக்குள் இருக்கும் இயந்திரம். இன்று புழக்கத்தில் பெரிதாக நிற்பவை மூன்றுதான். கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொஸில்லாவின் கெக்கோ. குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் குரோமியம் என்ற திறந்த மூலத் திட்டத்திலிருந்து, அதாவது பிளிங்க் இயந்திரத்தோடு வருபவை. ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் சுடுவது போலத்தான். இந்தப் பிளிங்க்கூட 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து வந்ததுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு வீண் வேலைகள் மிச்சம். குரோமில் ஒரு பக்கம் சரியாக வரவில்லை என்று பிரேவுக்கு மாறினால் பெரும்பாலும் அங்கேயும் அதே கோளாறுதான். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸில் பாருங்கள். அடுத்து, ஐபோன். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, ஐபோனில் எந்தப் பெயரில் உலாவி இருந்தாலும் உள்ளே வெப்கிட்தான் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. எனவே மலேசியாவில் ஐபோன் வைத்திருப்பவர் சஃபாரியிலிருந்து குரோமுக்குப் போனால் மாறுவது மேல்தோற்றமும் கணக்கும்தான், வேகம் அல்ல.

போகிற போக்கில் ஒன்று. தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ புரியாத குறிகளாகவோ தெரிந்தால் உலாவியைத் திட்டாதீர்கள். எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடு எழுத்துக் குறியீடு வருவதற்கு முன் தனித்தனி எழுத்துருக்களுக்காக எழுதப்பட்ட பழைய பக்கங்கள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. அவற்றை எந்த உலாவியும் தானாகச் சரிசெய்யாது. மற்றபடி விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, மேக் கணினியில் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி என்று நல்ல எழுத்துருக்கள் கருவியோடே வந்துவிடுகின்றன.

படி 3: ஒவ்வொன்றையும் எடை போடுங்கள்

குரோம்

2008 செப்டம்பரில் வந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் முதலில் குரோமில்தான் சோதித்துப் பார்க்கப்படுகின்றன. வருமான வரிப் படிவமாக இருந்தாலும் பல்கலைக்கழக விண்ணப்பமாக இருந்தாலும் “இங்கே வேலை செய்யவில்லை” என்ற தலைவலி இதில் குறைவு. மொழிபெயர்ப்பு இதன் பெரிய பலம். மலாயில் வரும் அரசாங்க அறிவிப்பைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘மொழிபெயர்’ என்று கொடுத்தால் பக்கம் முழுவதும் தமிழில் வந்துவிடும். தமிழ் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். விஷயம் பிடிபடும் அளவுக்குப் போதும்; தொகை, தேதி, நிபந்தனை ஆகியவற்றை மட்டும் மலாய் மூலத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

லைன் கிடைக்காத செம்பனைக் காட்டுக்குள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி. ஆண்ட்ராய்டுக் குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டால் மேல் வரிசையில் கீழ்நோக்கிய அம்பு ஒன்று தெரியும். வீட்டிலேயே அதைத் தொட்டுப் பக்கத்தைச் சேமித்துக்கொண்டால், இணையமே இல்லாத இடத்திலும் படிக்கலாம். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

குறைகளுக்கு வருவோம். கூகுள் விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம்; அதன் உலாவி விளம்பரத்தை அடைக்க ஆசைப்படாது. உலாவியோடு சேர்க்கும் கூடுதல் கருவிகளான நீட்சிகளை ஆண்ட்ராய்டுக் குரோமில் போடவே முடியாது. கணினியிலும், நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதால், யூபிளாக் ஆரிஜின் என்ற மிகச் சிறந்த விளம்பரத் தடுப்பான் 2024, 2025 ஆண்டுகளில் படிப்படியாக முடக்கப்பட்டது. அதன் ‘லைட்’ பதிப்பு கிடைக்கிறது, ஆனால் வலிமை குறைவு. தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (வேறு நிறுவனங்கள் நம் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு அடையாளக் குறிப்புகளை) ஒழிப்பதாக 2020இல் சொன்ன கூகுள், தேதியைத் தள்ளித் தள்ளி, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. சஃபாரி அந்த வேலையை 2020லேயே முடித்துவிட்டது; ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கும் முறையை 2022இல் எல்லாருக்கும் இயல்பாக்கியது. இந்த ஒரு விஷயத்தில் குரோம் மீது எனக்கு மரியாதை இல்லை.

எட்ஜ்

விண்டோஸோடு வருவதால், குரோமை இறக்குவதற்கு மட்டும் இதைத் திறக்கிறவர்கள் ஏராளம். 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறிய பிறகு இது பழைய எட்ஜ் அல்ல. திறந்துபோட்டு மறந்த தாவல்களை (டேப்)த் தானாகத் தூங்க வைப்பதால், நினைவகம் குறைந்த மடிக்கணினியில் ஓரளவு மூச்சு விட முடியும். பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து மேலேயே எழுதலாம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 15 ஜூன் 2022 அன்று ஓய்வு பெற்ற பிறகும், அதில் மட்டுமே ஓடும் பழைய அலுவலக மென்பொருளை எட்ஜுக்குள் இருக்கும் ஐஇ முறையில் ஓட்டலாம். தோட்ட அலுவலகங்களில் இதற்கு இன்னும் தேவை இருக்கிறது.

ஆனால் எட்ஜை நான் பரிந்துரைக்கும் காரணம் வேறு. அது தமிழை வாசிக்கும். மலேசியத் தமிழுக்கென்றே கனி என்ற பெண் குரலும் சூர்யா என்ற ஆண் குரலும் அதில் உண்டு. இந்தியத் தமிழுக்குப் பல்லவியும் வள்ளுவரும், சிங்கப்பூருக்கு வெண்பாவும் அன்பும் இருக்கிறார்கள். பால்மரம் சீவி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கண்புரை அறுவைக்கு நாள் கிடைக்கும்வரை நாளிதழே படிக்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார். அவர் மடிக்கணினியில் கனியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒரு செய்தி முடியும்வரை திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கச் சொல்ல முடியுமா?” என்றார். முடியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘உரக்க வாசி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு பட்டை வரும். அதில் ‘குரல் விருப்பங்கள்’ என்பதற்குள் வேகத்தைக் குறைக்கும் இழுப்பானும் குரல்களின் பட்டியலும் இருக்கும். பட்டியலில் தமிழ் – மலேசியா என்று தேடுங்கள். கைப்பேசியில் இருக்கும் எட்ஜிலும் இதே வசதி உண்டு. இந்தக் குரல்கள் இணையத்தின் வழியே வருபவை என்பதால் லைன் இருக்க வேண்டும்.

எட்ஜின் குறை அதன் வாயாடித்தனம். புதிய தாவலைத் திறந்தால் செய்தி, வானிலை, விளையாட்டு, கடைச் சலுகை, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று சந்தைக் கூச்சல். குரோமை இறக்கப் போனால் “எதற்கு அது?” என்று குறுக்கே நிற்கும். புதிய தாவலில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டு, உள்ளடக்கத்தை அணைத்து வைத்தால் பாதிச் சத்தம் அடங்கும்.

ஃபயர்ஃபாக்ஸ்

2004 நவம்பரில் முதல் பதிப்பு. பெரிய உலாவிகளில் கூகுளிடமிருந்தோ ஆப்பிளிடமிருந்தோ இயந்திரத்தைக் கடன் வாங்காதது இது ஒன்றுதான். யூபிளாக் ஆரிஜினின் முழு வலிமையும் இங்கே கிடைக்கும். முக்கியமாக, ஆண்ட்ராய்டுக் கைப்பேசியிலும் கிடைக்கும். முன்கட்டணத் தரவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் இதுதான் உண்மையான சிக்கனம், ஏனென்றால் விளம்பரப் படங்களும் தானாக ஓடும் காணொளிகளும் இறங்குவதே இல்லை. குரோமில் முன்பு தரவைச் சுருக்கும் ‘லைட்’ முறை என்று ஒன்று இருந்தது; 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

பலவீனம்? சில தளங்கள் ஃபயர்ஃபாக்ஸில் சோதிக்கப்படாமலே வெளியாகின்றன. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, படிவம் பாதியில் நிற்கும். கட்டணம் செலுத்தும் நேரத்தில் இந்தச் சோதனை வேண்டாம் என்றால், அதை மேய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம் என்பதும் ஒரு முரண்தான். ஐபோனில் இருக்கும் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் கிடையாது; காரணம் இரண்டாம் படியில் சொன்னதுதான்.

சாம்சங் இன்டர்நெட்

கைப்பேசி வாங்கும்போதே இருக்கும், யாரும் மதிப்பதில்லை. ஆனால் விளம்பரத் தடுப்பானைச் சேர்க்கலாம், முகவரிப் பட்டையைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே வைக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், இரகசிய முறைக்குக் கடவுச்சொல் பூட்டும் போடலாம். சாம்சங் கைப்பேசி மட்டுமே வைத்திருக்கும் அம்மாக்களுக்கு நான் இதையே அமைத்துத் தருகிறேன். கணினியோடு கைகோத்துப் போவதில்தான் பின்தங்கிவிடும்.

பிரேவ்

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது. எதுவும் அமைக்காமலே விளம்பரத்தையும் பின்தொடர்வையும் தடுக்கிறது, ஐபோனிலும் தடுக்கிறது. எனவே “எனக்கு அமைப்பெல்லாம் பார்க்கத் தெரியாது, போட்டவுடன் வேலை செய்ய வேண்டும்” என்பவருக்குப் பொருத்தம். ஆனால் மறையாக்க நாணய (கிரிப்டோ) பணப்பை, வெகுமதிப் புள்ளிகள் என்று சில சங்கதிகள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். 2020இல், பயனர் சில நாணயச் சந்தைகளின் முகவரியைத் தட்டும்போது தங்களுக்குத் தரகு வரும்படியான இணைப்பைத் தானாக நிரப்பியது வெளிப்பட்டு, மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். அந்த வெகுமதி, பணப்பைப் பொத்தான்களை மறைத்துவிட்டுப் பயன்படுத்தினால் நல்ல உலாவிதான்.

மற்றவை

சஃபாரி: ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர் வேறு எதையும் தேட வேண்டாம், மின்கலம் நீடிக்கும். பழைய ஐபோனுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு நின்றால் சஃபாரியும் அங்கேயே நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். விவால்டி: எல்லாவற்றையும் தன் விருப்பப்படி அடுக்கிப் பார்க்கிறவர்களுக்கு. ஓப்பரா: நார்வேயில் பிறந்து, 2016இல் சீன முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. இலவச விபிஎன் என்று அது காட்டுவது உலாவிக்குள் மட்டும் வேலை செய்யும் இடைத்தரகுச் சேவை. கைப்பேசியின் மற்ற செயலிகளுக்குப் பாதுகாப்புத் தராது. ஓப்பரா மினி: உச்சச் சுருக்க முறையில் பக்கங்கள் ஓப்பராவின் சேவையகம் வழியாக வருவதால் தரவு மிகவும் மிச்சம், ஆனால் அந்தக் காரணத்துக்காகவே வங்கிக்கு ஆகாது. யூசி: வேண்டாம். 2015லேயே டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் அதன் தகவல் கசிவுகளை அம்பலப்படுத்தியது.

படி 4: இரண்டைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்ட்ராய்டும் விண்டோஸும் இருக்கும் வீட்டுக்கு என் பரிந்துரை: பணத்துக்கும் அரசாங்கத்துக்கும் குரோம் அல்லது எட்ஜ், எந்த நீட்சியும் இல்லாமல், மேய்ச்சலுக்கு ஃபயர்ஃபாக்ஸ், யூபிளாக் ஆரிஜினோடு. ஐபோன் வீடு: வேலைக்குச் சஃபாரி, மேய்ச்சலுக்குப் பிரேவ். சாம்சங் கைப்பேசி மட்டும் உள்ளவர்: வேலைக்குக் குரோம், மேய்ச்சலுக்குச் சாம்சங் இன்டர்நெட். மிகப் பழைய கைப்பேசி: ஃபயர்ஃபாக்ஸ் ஒன்று போதும், வங்கி வேலை அதில் இல்லை.

வேலைக்கான உலாவியில் நீட்சி வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நீட்சிக்கு ‘எல்லாத் தளங்களையும் படிக்கலாம்’ என்ற அனுமதி கொடுத்தால், உங்கள் வங்கிப் பக்கத்தையும் அது படிக்கும். இன்று நல்லவர் கையில் இருக்கும் நீட்சி நாளை விற்கப்படலாம். யூபிளாக் ஆரிஜினைப் போடும்போதுகூட ‘ஆரிஜின்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்; வெறும் யூபிளாக் என்பது வேறு ஆட்களுடையது.

படி 5: சரியான இடத்திலிருந்து இறக்கி, இயல்பு உலாவியை மாற்றுங்கள்

கைப்பேசியில் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் மட்டும். கணினியில் தேடுபொறியின் முதல் முடிவை நம்பாதீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம். நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, திருமண அழைப்பிதழ் என்று சொன்னாலும், உதவித்தொகைச் செயலி என்று சொன்னாலும் நிறுவாதீர்கள்.

பிறகு, கைப்பேசியின் அமைப்புகள், செயலிகள், இயல்புச் செயலிகள், உலாவி என்று போய், மேய்ச்சல் உலாவியைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் இணைப்பு இனி அங்கேதான் திறக்கும். வங்கிக் கணக்கு இருக்கும் உலாவிக்குள் நுழையாது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இரண்டு உலாவி வைக்கலாம்.

ஃபேஸ்புக், டிக்டாக், இன்ஸ்டாகிராம் இந்த அமைப்பை மதிப்பதில்லை. தொட்ட இணைப்பைத் தங்கள் செயலிக்குள் இருக்கும் சொந்த உலாவியிலேயே திறந்துவிடும். அத்தகைய உள் உலாவிகள் திறக்கும் பக்கத்துக்குள் தங்கள் நிரல்வரிகளைச் செருகுவதை 2022இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஃபெலிக்ஸ் கிராவ்சே எடுத்துக்காட்டினார். அங்கே கடவுச்சொல் எதையும் தட்டாதீர்கள். மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘வெளி உலாவியில் திற’ என்று கொடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

படி 6: அறிவிப்புகளை ஒழித்துக்கட்டுங்கள்

என் கடைக்கு வரும் “வைரஸ்” கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் வைரஸே இருப்பதில்லை. சந்தைக்கு வந்த அக்கா ஒருவர் மரவள்ளிக் கிழங்குப் பையோடு உள்ளே வந்து கைப்பேசியை மேசையில் வைத்தார். வைத்த இடத்திலேயே அது அதிர்ந்துகொண்டிருந்தது. ‘உங்கள் கைப்பேசி பாதிக்கப்பட்டுள்ளது’, ‘உங்களுக்குப் பரிசு காத்திருக்கிறது’, ‘மின்கலம் சேதம்’ என்று ஒன்றன்மேல் ஒன்றாக அறிவிப்பு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் குரோமின் வட்டச் சின்னம். ஏதோ ஒரு தொடர் நாடகத் தளத்தில் ‘நான் இயந்திரம் அல்ல என்று உறுதிப்படுத்த அனுமதி கொடுங்கள்’ என்று கேட்டிருக்கிறது, அவரும் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு அந்தத் தளம் எந்நேரமும் அறிவிப்பு அனுப்பலாம்.

குரோமில் மூன்று புள்ளிகள், அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போங்கள். அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தடுத்துவிடுங்கள். பட்டியலுக்கு மேலே இருக்கும் பொத்தானையும் அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் கேட்கவே முடியாது. ஃபயர்ஃபாக்ஸிலும் சாம்சங் உலாவியிலும் பெயர்கள் சற்று மாறும், வழி இதுதான். அணைத்து முடித்ததும் அந்த அக்கா கைப்பேசியைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, “உயிரோடுதானே இருக்கிறது?” என்று கேட்டார்.

படி 7: கணக்குகளைப் பிரியுங்கள், கடவுச்சொற்களைக் கொண்டுபோங்கள்

வீட்டில் மடிக்கணினி ஒன்றுதான் என்றால் குரோமிலோ எட்ஜிலோ ஆளுக்கொரு சுயவிவரம் உருவாக்குங்கள். மேல் வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு ‘சேர்’ என்று கொடுத்தால் போதும். கல்வி அமைச்சின் டெலிமா அடையாளம் கூகுள் கணக்காகவும் வேலை செய்வதால், பிள்ளை அதில் நுழைந்தபடியே அப்பா தன் வேலையைத் தொடங்கினால் இரண்டு கணக்கும் குழம்பும். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று பாடக் கோப்பு அடம் பிடிப்பதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். சுயவிவரம் பிரித்தால் புத்தகக்குறி, கடவுச்சொல், வரலாறு எல்லாமே தனித்தனி. ஆனால் இது பூட்டு அல்ல, மற்றவர் சொடுக்கினால் திறக்கும். அதனால் வங்கிக் கடவுச்சொல்லை எந்தச் சுயவிவரத்திலும் சேமிக்க வேண்டாம்.

உலாவி மாறும்போது புத்தகக்குறிகளை ‘இறக்குமதி’ என்ற பகுதி இழுத்துக்கொள்ளும். கடவுச்சொற்கள் சில நேரம் வராது. அப்போது பழைய உலாவியின் கடவுச்சொல் மேலாளரில் ‘ஏற்றுமதி’ என்று கொடுத்தால் ஒரு கோப்பு கிடைக்கும். அதைப் புதிய உலாவியில் ஏற்றுங்கள். அந்தக் கோப்பில் உங்கள் எல்லாக் கடவுச்சொற்களும் யாரும் படிக்கும்படி வெறும் எழுத்தாகவே இருக்கும். வேலை முடிந்த உடனே அழியுங்கள்; குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள்.

படி 8: வங்கி, அரசாங்கத் தளங்கள்

முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தோம். மோசடித் தளங்களுக்கும் பூட்டுக் கிடைத்துவிடுவதால் அந்த அறிவுரை காலாவதியாகிவிட்டது. குரோமே 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தை நீக்கிவிட்டு வேறு குறியை வைத்துவிட்டது. பார்க்க வேண்டியது முகவரியை. அதில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பதுதான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். அரசாங்கத் தளம் ‘.கவ்.மை’ (.gov.my) என்பதற்கான ஆங்கில எழுத்துகளோடு அந்த இடத்தில் முடிய வேண்டும். நடுவில் ‘கவ்’ வந்து கடைசியில் ‘டாப்’ என்றோ ‘எக்ஸ்ஒய்இசட்’ என்றோ முடிந்தால் அது வலை.

வேலைக்கான உலாவியில் வங்கி, வருமான வரி வாரியம், சேமநிதி வாரியம் ஆகியவற்றின் சரியான முகவரிகளை ஒருமுறை கவனமாகத் தட்டி, புத்தகக்குறியாக வைத்துவிடுங்கள். பிறகு எப்போதும் அங்கிருந்தே போங்கள். குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை மலேசிய வங்கிகள் 2023லேயே நிறுத்திவிட்டன. ஆகவே இணைப்போடு ‘வங்கி’ அனுப்பும் எதுவும் வங்கி அனுப்பியதல்ல. ஏமாந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே வங்கிக்கோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

படி 9: பொதுக் கணினியில் உட்காரும்போது

முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட, ஊர் மக்களுக்கான நாடி இணைய மையத்திலோ, அச்செடுக்கும் கடையிலோ கணினியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். கட்டுப்பாட்டு விசை, ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு குரோமிலும் எட்ஜிலும் N எழுத்தை அழுத்த வேண்டும், ஃபயர்ஃபாக்ஸில் P எழுத்தை. சாளரத்தை மூடியதும் வரலாறும் குக்கியும் அந்தக் கணினியில் தங்காது. அவ்வளவுதான் அதன் வேலை. இணையச் சேவை நிறுவனத்துக்கும் நீங்கள் போகும் தளத்துக்கும் நீங்கள் மறைந்தவர் அல்ல. மறைநிலையிலும் தகவல் திரட்டியதாகக் கூகுள்மீது 2020இல் தொடுக்கப்பட்ட வழக்கு, திரட்டியவற்றை அழிப்பதாக 2024இல் சமரசம் பேசித்தான் முடிந்தது.

மறைநிலை அழிக்காத இன்னொன்று, நீங்கள் இறக்கிய கோப்பு. சேமநிதி அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எதை இறக்கி அச்செடுத்தாலும் அது ‘பதிவிறக்கங்கள்’ அடைவிலேயே கிடக்கும். எழுந்திருக்கும் முன் அந்த அடைவைத் திறந்து உங்களுடையதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். அச்சுக்காகக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால், கையில் தாள் வந்ததும் அவர் முன்னாலேயே ‘அனைவருக்கும் நீக்கு’ என்று கொடுத்து, அவர் கணினியில் இறங்கிய பிரதியையும் அழிக்கச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நானும் கோபித்துக்கொள்வதில்லை.